வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்: டிரெய்லரோடு ஓர் இரவு தங்குவது எப்படி

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்க, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் எங்கள் டிரெய்லருக்கு ஒன்பது வயசாகிறது. நியூ ஜெர்சியிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரைக்கும், மேற்கே யெல்லோஸ்டோன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வந்திருக்கிறோம். ஓட்டுவது நான். பின்னால் நின்று கை காட்டுவதும் கழிவுக் குழாய் மாட்டுவதும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. புதிதாக டிரெய்லர் வாங்கும் நம்மவர்கள் போன் பண்ணிக் கேட்பதெல்லாம் எந்த வண்டி இழுக்கும், எவ்வளவு வேகம் போகலாம் என்பதைத்தான். அதெல்லாம் நாலு தடவை நெடுஞ்சாலையில் ஓட்டினால் கைவந்துவிடும். ஆள் தடுமாறுவது ராத்திரி தங்கப் போகும் இடத்தில். பின்னால் எடுப்பது, மட்டம் பார்ப்பது, மின்சாரம், தண்ணீர், கழிவு என்று எல்லாம் ஒரே மணி நேரத்துக்குள் வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். முதல் வருஷம் வர்ஜீனியாவில் ஓர் ஆர்வி பார்க்குக்கு, அதாவது டிரெய்லர்கள் நிறுத்தித் தங்கும் இடத்துக்கு, ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போனோம். நல்ல மழை. ஆபீஸ் பூட்டிவிட்டார்கள். கதவுப் பலகையில் எங்கள் பெயர் எழுதிய கவர் செருகியிருந்தது, உள்ளே ஒரு மேப், அதில் எங்கள் சைட்டை, அதாவது நாங்கள் நிறுத்த வேண்டிய இடத்தை, சுற்றி மஞ்சள் வட்டம். நேரம் கழித்து வருகிறவர்களுக்கு இதுதான் வழக்கமான ஏற்பாடு. சைட்டைக் கண்டுபிடித்துப் பின்னால் எடுக்கிறேன், கண்ணாடியில் மழைத்துளியும் பின்விளக்கின் சிவப்பும் தவிர ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு "வா, வா" என்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இடது பக்கத்து மரத்தை. வலது பக்கம் ஒரு பிக்னிக் மேஜை இருந்தது. டிரெய்லரின் பின்மூலையில் அன்றைக்கு விழுந்த ஒடுக்கும், அதன்மேல் நான் இழுத்த சீலன்ட் கோடும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

இங்கே டிரெய்லர் இழுக்கிறவர்கள் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மதியம் 3 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும், ஓர் இடத்தில் 3 இரவு தங்க வேண்டும். கடைசி மூன்று லீவு கிடைக்கிறவர்களுக்குத்தான் சரிப்படும். முதல் இரண்டையும் நாங்கள் விடுவதே இல்லை. டிரெய்லரோடு 300 மைல் என்றால் பெட்ரோல், பாத்ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆறு ஏழு மணி நேரம் ஆகும். காரில் போகிற கணக்கில் போடாதீர்கள்.

எங்கே தங்குவது

வழியில் ஓர் இரவு தூங்கி எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான் என்றால் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் தனியார் ஆர்வி பார்க் போதும். கேஓஏ மாதிரி நாடு முழுக்க இருக்கிறவை உண்டு. 1962-இல் மான்டானாவில் பில்லிங்ஸ் ஊரில், யெல்லோஸ்டோன் நதிக்கரையில் ஆரம்பித்தது அது. தனியே ஒரு குடும்பம் நடத்தும் சின்ன பார்க்குகளும் ஏராளம். இவற்றில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் சைட்டிலேயே இருக்கும். அதற்குப் பெயர் ஃபுல் ஹூக்கப். ஓர் இரவுக்கு 50 முதல் 90 டாலர் வரை கொடுத்திருக்கிறோம். சைட்டுகள் நெருக்கமாக இருக்கும், பக்கத்து டிரெய்லரின் டிவி கேட்கும். ஓர் இரவுக்கு அது ஒரு குறையே இல்லை.

இரண்டு மூன்று நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டேட் பார்க் பாருங்கள், இல்லாவிட்டால் ராணுவப் பொறியாளர் படை, அதாவது ஆர்மி கோர், அணைகள் கட்டிய ஏரிக்கரைகளில் நடத்தும் கேம்ப்கிரவுண்டுகளைப் பாருங்கள். இந்த இரண்டாவது வகையைப் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரிவதே இல்லை. நிழல், ஏரி, அகலமான சைட், பல இடங்களில் மின்சாரமும் உண்டு. ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவு செய்யலாம். பெரும்பாலான இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். 62 வயது நிரம்பிய குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் சீனியர் பாஸ் வாங்கி வைத்திருந்தால் இந்த ஆர்மி கோர் இடங்களில் பெரும்பாலும் பாதிக் கட்டணம்தான்.

தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் வேறு ரகம். பெரும்பாலானவற்றில் ஹூக்கப்பே கிடையாது, நீளக் கட்டுப்பாடும் உண்டு. யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸில் டிரெய்லர் 24 அடிக்கு மேல் போகக் கூடாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடத்தில் மூன்று ஹூக்கப்பும் உண்டு. ஆனால் அங்கே கரடி நடமாட்டம் அதிகம், அதனால் கூடாரமும் துணிச்சுவர் வைத்த டிரெய்லரும் அனுமதி இல்லை. கெட்டிச் சுவர் உள்ள வண்டிகள் மட்டும்தான்.

வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் தூங்கலாமா என்று கேட்பார்கள். அந்தந்தக் கடை மேனேஜரும் அந்த ஊர்ச் சட்டமும் ஒத்துக்கொண்டால் உண்டு. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். போனால் ஓரமாக நிறுத்தித் தூங்கி எழுந்து கிளம்ப வேண்டியதுதான். நாற்காலி போடுவது, அடுப்பு வைப்பது, டிரெய்லரின் பக்கவாட்டு அறையை வெளியே தள்ளுவது எல்லாம் கூடாது. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்று ஆண்டுச் சந்தா கட்டும் ஒரு ஏற்பாடும் இருக்கிறது. பண்ணையிலோ திராட்சைத் தோட்டத்திலோ ஓர் இரவு நிறுத்திக்கொள்ளலாம். வாடகை இல்லை, பதிலுக்கு அவர்களிடம் ஏதாவது வாங்குவது மரியாதை. டிரெய்லருக்குள்ளேயே தண்ணீரும் கழிவறையும் இருக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது இரண்டு விஷயம். உங்கள் டிரெய்லரின் நிஜ நீளம் மாடல் பெயரில் இருக்கும் எண் அல்ல. வண்டியோடு மாட்டும் ஹிட்ச் முனையிலிருந்து பின் பம்பர் வரை டேப் வைத்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பெயரில் 22, அளந்தால் 26 அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது, புதியவர்கள் புல்-த்ரூ சைட் கேளுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடலாம், பின்னால் எடுக்கும் வேலையே இல்லை. ஐந்தோ பத்தோ டாலர் அதிகம் கேட்பார்கள், கொடுக்கலாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எத்தனை அடி என்று சொன்னால், கழற்றாமலே நிற்கும் அளவுக்கு நீளமான சைட்டாகத் தருவார்கள்.

வழியில் ஒரு எச்சரிக்கை

நியூ ஜெர்சிக்காரர்கள் தெற்கே போகும்போது பால்டிமோரில் மாட்டிக்கொள்வார்கள். துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கப் பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோபேன் சிலிண்டரோடு போகக் கூடாது. டிரெய்லரின் மூக்கில் இருப்பது 20 அல்லது 30 பவுண்டு சிலிண்டர். முன்பெல்லாம் துறைமுகத்துக்கு மேலே போகும் கீ பாலம் வழியாகப் போய்விடுவோம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்துவிட்டது. இப்போது ஊரைச் சுற்றிப் போகும் 695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும். நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை, 78-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய் 81-இல் தெற்கே இறங்கிவிடுவோம். நியூயார்க் பார்க்வேக்களில் டிரெய்லருக்கு அனுமதி இல்லை, பாலங்களும் தாழ்வு. சாதாரண மேப் ஆப் இதையெல்லாம் சொல்லாது. கூரை ஏசியோடு சேர்த்து டிரெய்லரின் உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

பின்னால் எடுப்பது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம் இருந்தது. டென்னஸியில் பக்கத்து சைட்டில் இருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர், என் பயத்தைப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் வலது கையைப் பிடித்து ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில், ஆறு மணி இருக்கும் இடத்தில் வைத்தார். "டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, இந்தக் கையை அந்தப் பக்கம் நகர்த்து. வேறு எதையும் யோசிக்காதே" என்றார். அவ்வளவுதான். ஸ்டியரிங்கை மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அடியில் பிடித்தால் கை போகும் பக்கம் டிரெய்லர் போகும். அன்று சாயங்காலம் காலியான சைட்டில் ஏழெட்டுத் தடவை பழகினேன்.

அவர் சொன்ன இன்னொன்று: கொஞ்சமாகத் திருப்பு, பொறுத்திருந்து பார். டிரெய்லர் உடனே திரும்பாது, ஒரு நொடி கழித்துத்தான் திரும்ப ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடி பொறுக்காமல் இன்னும் திருப்பினால் மடங்கிக்கொள்ளும். மடங்க ஆரம்பித்துவிட்டால் சரிசெய்ய முயலாதீர்கள். முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பத்துத் தடவை முன்னால் போனாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அங்கே இருக்கும் எல்லோரும் ஒரு நாள் இதைச் செய்தவர்கள்தான்.

முடிந்தால் சைட் உங்கள் இடது பக்கம் வருகிற மாதிரி வளைவில் சுற்றி வாருங்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாகவே டிரெய்லரின் பக்கத்தைப் பார்க்கலாம். வலது பக்கம் என்றால் கண்ணாடியை நம்பித்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் இருவரும் இறங்கி சைட்டை ஒருமுறை நடந்து பாருங்கள். மேஜை, குழாய், மின்பெட்டி, நெருப்பு வளையம் எங்கே என்று கண்ணில் பதியட்டும். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். தரையைப் பார்க்கிறவர்கள் மரக்கிளையை விட்டுவிடுவார்கள். கை காட்டுகிறவர் எப்போதும் ஓட்டுகிறவரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் மறைந்துவிட்டால் வண்டி நின்றுவிட வேண்டும், இது எங்களுக்குள் சட்டம். "வா வா" என்பதை நிறுத்திவிட்டு இப்போது போனில் பேசிக்கொள்கிறோம். "இன்னும் ஆறடி, நாலடி, நில்."

மின்பெட்டி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழி மூன்றும் பெரும்பாலும் சைட்டின் பின்பாதியில், டிரெய்லரின் இடது பக்கம் வருகிற மாதிரி இருக்கும். மின்கம்பி எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஹாண்ட் பிரேக் போடுங்கள்.

நின்ற பிறகு என்ன வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் இடம் வலமாக மட்டம். வண்டியோடு மாட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏற்ற வேண்டும். கழற்றின பிறகு இடம் வலத்தைச் சரிசெய்ய வழி இல்லை. அடுத்து இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக் கட்டை. முட்டு வைத்த பிறகுதான் ஹிட்ச்சைக் கழற்ற வேண்டும். கழற்றின டிரெய்லரைப் பிடித்து வைப்பது அந்த முட்டுக் கட்டை மட்டும்தான். கழற்றினதும் முன்பக்க ஜாக்கை ஏற்றி இறக்கி முன் பின் மட்டம் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாக நாலு மூலையிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் கால்களை இறக்குங்கள். அவை ஆட்டத்தைக் குறைக்கத்தான் இருக்கின்றன, டிரெய்லரைத் தூக்க இல்லை. தரையைத் தொட்டு ஒரு சுற்று இறுக்கினால் போதும். தூக்கப் பார்த்தால் டிரெய்லரின் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு சரியாக மூடாது.

மட்டம் எதற்கு என்றால் தூக்கத்துக்கு மட்டும் இல்லை. கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜுக்குள் அம்மோனியா கரைசல் தானாகவே கீழே வழிந்து ஓட வேண்டும், அதற்கு பம்ப் கிடையாது. சரிவாக நின்றால் ஒரு மூலையில் தேங்கி, சூடேறி, நாளடைவில் ஃபிரிட்ஜே போய்விடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் வைத்த புது ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஓர் இரவுதான், சைட்டும் புல்-த்ரூ, தரையும் சமம் என்றால் கழற்றவே வேண்டாம். முட்டு மட்டும் வைத்துவிட்டு மின்சாரத்தை மாட்டிவிடலாம். நாங்கள் வழியில் தங்கும் இரவுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

மின்சாரம்: இதில் அவசரமே கூடாது

மின்பெட்டியில் பொதுவாக மூன்று சாக்கெட் இருக்கும். வீட்டில் இருப்பது மாதிரி 20 ஆம்ப், மூன்று முள் வைத்த 30 ஆம்ப், நான்கு முள் வைத்த 50 ஆம்ப். பெரும்பாலான டிராவல் டிரெய்லர்கள் 30 ஆம்ப். 120 வோல்ட்டை 30-ஆல் பெருக்கினால் 3,600 வாட், அதுதான் உங்கள் மொத்தப் பட்ஜெட். 50 ஆம்ப் பெட்டியில் இரண்டு தனிக் கம்பிகள் வருவதால் அது 12,000 வாட், மூன்று மடங்குக்கு மேல்.

பெட்டியின் பிரேக்கரை முதலில் அணையுங்கள். சாக்கெட்டைப் பாருங்கள். கருகியிருந்தாலோ லொடலொடவென்று ஆடினாலோ ஆபீஸுக்குப் போய் வேறு சைட் கேளுங்கள். அடுத்து இஎம்எஸ் எனப்படும் பாதுகாப்புக் கருவியை மாட்டி, பிரேக்கரைப் போட்டு, அது காட்டும் எண்ணைப் படியுங்கள். 114 வோல்ட்டுக்கும் 126 வோல்ட்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மறுபடி பிரேக்கரை அணைத்து, டிரெய்லர் கம்பியை மாட்டி, பிரேக்கரைப் போடுங்கள். இந்தக் கருவிக்கு 200, 300 டாலர் ஆகிறதே என்று நாங்களும் முதலில் யோசித்தோம். ஒரு ஜூலை மாத சாயங்காலம், 96 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஒரு பழைய பார்க்கில் எங்கள் கருவி 102 என்று காட்டிவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டது. பார்க் முழுக்க எல்லோரும் ஏசி போட்டிருந்தார்கள், பழைய வயரிங் தாங்கவில்லை. வோல்டேஜ் குறைந்தால் ஏசி மோட்டார் அதிக ஆம்ப் இழுத்துச் சூடேறும், கம்ப்ரஸர் எரிந்துபோகும். ஆபீஸில் சொன்னதும் மறுகோடியில் வேறு சைட் கொடுத்தார்கள், அங்கே 117.

30 ஆம்ப்புக்குள் குடும்பம் நடத்த ஒரு கணக்கு வேண்டும். ஏசி ஓடும்போது சுமார் 13 ஆம்ப் எடுக்கும். வெந்நீர் ஹீட்டர் மின்சாரத்தில் 12, மைக்ரோவேவ் 12, மின் கெட்டில் 12. ஏசியும் ஹீட்டரும் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்தி மின்சாரம் கொடுக்க நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 30 ஆம்ப் டிரெய்லர் சாக்கெட் பார்ப்பதற்கு 240 வோல்ட் துணி டிரையர் சாக்கெட் மாதிரி இருக்கும். பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதற்கு 240 வோல்ட் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்து 120 தானா என்று பாருங்கள்.

தண்ணீர்

ஓர் இரவுக்குத் தண்ணீர்க் குழாயை மாட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டிலிருந்து கிளம்பும்போது டேங்கில் 10, 15 கேலன் பிடித்துக்கொண்டால் பம்ப் போட்டு சமாளித்துவிடலாம். முழு டேங்க் வேண்டாம். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல் சும்மா இழுக்க வேண்டியிருக்கும்.

மாட்டுவதானால், தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டாதீர்கள். அதைக் குழாய் முனையில் போடுங்கள், அப்போதுதான் ஹோஸும் தப்பிக்கும். டிரெய்லருக்கு 45, 50 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், சில பார்க்குகளில் அதற்கு வெகு மேலே வரும். ரெகுலேட்டர் வாங்காத காலத்தில் ஒரு நடுராத்திரி சிங்க்குக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று சத்தம். கதவைத் திறந்தால் குழாய் வளையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு விரிசல் விட்டு, ஊசி மாதிரி தண்ணீர் பீய்ச்சி, அரிசி டப்பா வைத்த அலமாரி முழுக்க நனைந்திருந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டு நாள் முழுக்க ஊர் சுற்றப் போகாதீர்கள்.

குழாய் முனையை, மாட்டுவதற்கு முன், கிருமிநாசினி கலந்த தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். முந்தின ஆள் கழிவு ஹோஸை அங்கேயே அலசியிருக்கலாம். குடிதண்ணீர் ஹோஸ் வெள்ளையோ நீலமோ, அலசுகிற ஹோஸ் வேறு நிறம், இரண்டும் வேறு வேறு பெட்டியில். வெந்நீர் ஹீட்டருக்குள் தண்ணீர் நிரம்பாமல் மின்சுவிட்சைப் போட்டால் உள்ளிருக்கும் கம்பி சில நொடியில் எரிந்துவிடும். சிங்க்கில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்ச்.

கழிவு

இரண்டு டேங்க். கழிவறைக்குப் பிளாக் டேங்க், குளியலுக்கும் சிங்க்குக்கும் கிரே டேங்க். சைட்டில் கழிவுக் குழி இருந்தாலும் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்து வைக்காதீர்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் வடிந்துபோய், மற்றது அடியில் குவிந்து கல்லாகிவிடும். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பின பிறகு ஒரே மூச்சில் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். முதலில் பிளாக், அப்புறம் கிரே. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை கட்டாயம். முடிந்ததும் கழிவறையில் சில கேலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் ஊற்றி வையுங்கள், வெறும் டேங்கை வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் கழிவறையில் தண்ணீர் பயன்படுத்துகிறோம். அதற்காகத் தயங்க வேண்டாம். டேங்க் சீக்கிரம் நிரம்பும், ஆனால் அடைப்பு வராது. எங்கள் நாலு பேருக்கு 30 கேலன் பிளாக் டேங்க் மூன்று நாள் தாங்கும். அத்தை வந்திருந்தபோது இரண்டு நாள். வருகிறவர்களுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்துவிட்டால் சங்கடம் இல்லை.

உண்மையில் நம் சமையலுக்குச் சிக்கல் தருவது கிரே டேங்க்தான். சாதப் பருக்கை, சாம்பார் எண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் அதற்குள் போனால் வெயிலில் ஒரே நாளில் நாற்றம் எடுக்கும். தட்டுகளைப் பேப்பர் டவலால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். சிங்க்கில் ஒரு வடிகட்டி போடுங்கள்.

ராத்திரி

தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். தனியார் பார்க்குகளிலும் ஏறக்குறைய இதே நேரம்தான். அந்த நேரத்தில் குக்கர் விசில் வேண்டாம். மரத்தடி அமைதியில் காலை ஐந்தரைக்கு ஒரு விசில் பத்து டிரெய்லரை எழுப்பிவிடும். பொங்கல் பண்ணுவதானால் முந்தின சாயங்காலமே அரிசியும் பருப்பும் வேகவைத்துக்கொள்வேன். இன்னொருவர் சைட்டுக்குக் குறுக்கே நடக்காதீர்கள், குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். கயிறு கட்டியிருக்காது, வேலி இருக்காது, ஆனால் அது அவர்கள் வீட்டு முற்றம். தூங்கப் போகும்போது வெளி விளக்கை அணைத்துவிடுங்கள்.

தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் ஒற்றை அடுப்பு போதும். உள்ளே கடுகும் மிளகாயும் வெடித்தால் புகை அலாரம் கத்தும். உள்ளேதான் என்றால் கூரை விசிறியைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பை ஒருபோதும் எரிய விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் கொல்லும். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் புரோபேன் அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்னால் அச்சிட்டிருக்கும். புரோபேன் காற்றைவிடக் கனம், அதனால்தான் அந்த அலாரம் தரையோடு ஒட்டி இருக்கிறது. அதன்மேல் செருப்பையும் பையையும் குவிக்காதீர்கள்.

சாப்பாட்டை வெளியே விட்டு வைக்காதீர்கள். கரடி இருக்கும் இடத்தில் அது சட்டம், கரடி இல்லாத இடத்தில் ரக்கூன் வரும். மேரிலாந்தின் அஸாடீக் தீவில் காட்டுக் குதிரையே வந்து மேஜையில் இருப்பதைத் தின்றுவிட்டுப் போகும்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். மரகதப் பச்சையில் ஒரு வண்டு, 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. அது ஊர் விட்டு ஊர் போனது பெரும்பாலும் இப்படி விறகுக்குள் ஒளிந்துதான். தங்கும் இடத்திலேயே விறகு வாங்குங்கள். தீயை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு படுங்கள்.

காலையில்

கிளம்பும் நேரத்தில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து சைட்காரர் பேச வந்தால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பேசுவேன், பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பாதியில் விட்ட வேலைதான் மறந்துபோகும்.

பிரேக்கரை அணைத்துவிட்டுக் கம்பியை உருவுங்கள். தண்ணீர், கழிவு மூடி, படிக்கட்டு, ஆன்டெனா, கூரை ஜன்னல், கேஸ் வால்வு எல்லாவற்றையும் கழற்றியோ மடக்கியோ மூடியோ ஆயிற்றா என்று பாருங்கள். ஸ்டெபிலைசர் கால்களைத் தூக்குங்கள். ஹிட்ச்சை மாட்டித் தாழ்ப்பாளைப் போட்டதும், முன்பக்க ஜாக்கால் மூன்று நாலு அங்குலம் தூக்கிப் பாருங்கள். டிரெய்லரோடு வண்டியின் பின்பக்கமும் எழும்பினால், வண்டியின் இணைப்புக் குண்டை ஹிட்ச் சரியாகப் பிடித்திருக்கிறது. எழும்பாவிட்டால் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது, மறுபடி மாட்டுங்கள். சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள், ஹிட்ச் கழன்றாலும் மூக்கு அதன்மேல் விழும், ரோட்டில் குத்தாது. டிரெய்லர் கழன்று போனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியிலேயே தனியாக மாட்டுங்கள். விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக முட்டுக் கட்டையை எடுங்கள்.

கழிவு ஹூக்கப் இல்லாத சைட்டில் இருந்தால் வெளியே போகும் வழியில் டம்ப் ஸ்டேஷன், அதாவது டேங்க் கழிவைக் கொட்டும் இடம், இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே நீண்ட வரிசை நிற்கும், எட்டரைக்கே போய்விடுங்கள்.

சைட்டிலிருந்து இருபதடி முன்னால் போய் நிறுத்துவேன். நானும் வீட்டுக்காரரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் டிரெய்லரைச் சுற்றி வந்து, அப்புறம் காலி சைட்டில் போய் நிற்போம். மட்டக் கட்டை, மின்பெட்டியில் மாட்டியபடியே இருக்கும் இஎம்எஸ், குழாயில் தொங்கும் ரெகுலேட்டர், கொடியில் ஒரு துண்டு. இந்த நாலில் ஏதாவது ஒன்று மாதம் ஒருமுறையாவது அங்கே இருக்கும். எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, சுமார் ஐம்பது மைல் தாண்டி முதல் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தும்போது சக்கர மையத்தைத் தொட்டுப் பார்ப்பேன். நாலு சக்கரமும் ஒரே சூடாக இருந்தால் காபி குடித்துவிட்டுக் கிளம்புவோம்.